மஹாலில் எடுத்த படம் ஏன் சப்பென்று இருக்கிறது?

மதுரை திருமலை நாயக்கர் மஹாலுக்கு முதல்முறை கேமராவோடு போய்விட்டு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "நேர்ல பார்த்தப்போ வாயப் பிளந்துட்டு நின்னேன், படத்துல ஒண்ணுமே இல்ல." நானும் அப்படிச் சொன்னவன்தான். முதல் தடவை இருநூறு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது தேறியவை நாலு. அந்த நாலும் ஏன் தேறின என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அதற்கப்புறம் பல வருஷம், பல மாதங்களில், பல வேளைகளில் போய்ச் சேர்த்த பாடங்கள் கீழே இருக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். ஆனால் கட்டடத்தைப் பற்றி இரண்டு பத்தி மட்டும் முதலில் படித்துவிடுங்கள். பாதிக் கோளாறுக்குக் காரணம் கேமரா அல்ல, சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து வேலை.

மஹால் 1636ஆம் ஆண்டு கட்டப்பட்டது. திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது அவர் கட்டியதில் ஒரு பகுதிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பல பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள் என்பார்கள். மிச்சமிருந்ததும் சிதைந்து கிடந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். இப்போது நிற்பதில் படம் எடுப்பவருக்கு முக்கியமானது சொர்க்க விலாசம். நடுவில் ஏறக்குறைய 75 மீட்டர் நீளம், 52 மீட்டர் அகலத்தில் திறந்த முற்றம், அதைச் சுற்றி ராட்சதத் தூண்கள், மேற்குப் பக்கம் குவிமாடத்துக்குக் கீழே அரியணை மண்டபம். நுழைவாயில் கிழக்கே. இந்தத் திசைகளை மறக்க வேண்டாம், திரும்பத் திரும்ப வரும்.

அடுத்தது பொருள். மீனாட்சியம்மன் கோயிலில் பார்க்கிற கல் யாளியும் மஹால் யாளியும் ஒரே குடும்பம்தான், உடம்பு வேறு. கல்லில் உளி விழுந்த இடத்தில் விளிம்பு கூராக நிற்கும், அங்கே நிழலும் கூராக விழும். மஹாலில் இருப்பது செங்கல் கட்டுமானத்தின் மேல் சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்து, ஈரம் காய்வதற்குள் கையாலும் கரண்டியாலும் உருட்டி எடுத்த சுதை வேலை. விளிம்பெல்லாம் உருண்டை. அதன் மேல் காலம் காலமாக அடித்த வெள்ளை வேறு. உருவமும் வெளிர், பின்னணியும் வெளிர். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிழல் ஒன்றுதான். நிழல் இல்லையென்றால் சிற்பமும் இல்லை.

"கொடியும் யாளியும் தட்டையாக, பூசி மெழுகியது போல இருக்கின்றன"

எல்லாருக்கும் வருகிற கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

படம் எடுத்தபோது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது? "முதுகுக்குப் பின்னாலிருந்து" என்றால் அங்கேயே நோய் தெரிந்துவிட்டது. சூரியனை முதுகில் வைத்துப் படம் எடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது ஆட்களை எடுக்க. சுதையை அப்படி எடுத்தால் நிழலெல்லாம் உருவத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

வளைவுக்கு மேலே இருக்கும் ஒரு யாளி முகத்தைப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் கண் ஒரு வட்டம், வாய் ஒரு கோடு, பிடரி வெறும் வரிவரியான சுவர். வெயில் பக்கவாட்டில் சாயட்டும், கண்முழி பிதுங்கி வெளியே வரும். இமைக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கருப்பு விழும். கோரைப்பல்லுக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு பள்ளம் இருப்பது அப்போதுதான் தெரியும். பிடரியின் ஒவ்வொரு சுருளும் தன் பக்கத்துச் சுருளின் மேல் நிழலைச் சாய்க்கும். கேமராவில் எந்தப் பொத்தானும் இதைச் செய்யாது.

ஆக, மஹாலில் எந்தச் சுவரை எந்த நேரத்தில் எடுப்பது என்பதுதான் கேள்வி. மேற்கே இருக்கும் அரியணை மண்டபத்தின் முகப்பு கிழக்கு பார்த்தது. காலை 9 மணிக்குக் கதவு திறந்ததும் எல்லாரும் நேரே அதை எடுக்கத்தான் ஓடுவார்கள். அப்போது வெயில் அதன் முகத்தில் நேராக அடிக்கும், படம் தட்டையாகத்தான் வரும். 11 மணிக்கு மேல் பாருங்கள். வெயில் உச்சிக்கு ஏற ஏற, முகப்பை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். கொடிக்கருக்கு வேலை, அதாவது கொடியும் இலையுமாக ஓடும் அலங்காரம், அப்போது எழுந்து நிற்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொடுங்கையின் (வளைந்த கூரை விளிம்பு) நிழல் வந்து சிற்பத்தை மூடுவதற்குள் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பிற்பகலில் அந்த முகப்பு முழுக்க நிழலுக்குள் போய்விடும்.

வடக்கு, தெற்குப் பக்கத் தூண் வரிசைகளுக்குக் கணக்கு வேறு, அதில் மாதமும் சேர்ந்துகொள்ளும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு வரிசைக்குப் பகல் முழுக்க வெயில் கிடைக்கும், தெற்கு வரிசை நாள் பூரா நிழலிலேயே கிடக்கும். சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வரும். அந்தச் சமயம் காலை 9, 10 மணி வெயில் ஏறக்குறைய நேர் கிழக்கிலிருந்து வருவதால் வடக்கு, தெற்கு இரண்டு வரிசையின் முகங்களையும் நீளவாக்கில் உரசிக்கொண்டு போகும். வளைவுகளின் பல்விளிம்புகளை எடுக்க எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும், அது வேறு விஷயம். ஆவணி பத்தாம் தேதி வாக்கில் இன்னொரு முறை அதே கணக்கு வரும்.

தூண் வரிசைக்கு உள்ளே, கூரைக்குக் கீழே நேர் வெயில் இல்லை. அங்கே ஒளி முற்றத்துப் பக்கமிருந்து மட்டும்தான் வருகிறது. முற்றத்தைப் பார்த்து நின்றால் எதிரொளி, முற்றத்துக்கு முதுகைக் காட்டினால் தட்டை. முற்றம் உங்கள் இடது தோளிலோ வலது தோளிலோ இருக்கும்படி நடைபாதை நெடுக எடுங்கள். ஒவ்வொரு தூணும் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் இருண்டும் உருண்டு நிற்கும். மஹாலில் என்னைக் கேட்டால் இதுதான் முதல் படம், அதுவும் எந்த மாதத்திலும் எடுக்கக்கூடியது.

கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷைப் போட்டீர்களா? அப்படியென்றால் நேர் வெளிச்சத்தை நீங்களே கையோடு கொண்டுபோய்க் கெடுத்திருக்கிறீர்கள். அது பத்து, பதினைந்து அடிக்கு மேல் எட்டவும் எட்டாது. என் மச்சான் ஒருத்தன் குவிமாடத்தை ஃபிளாஷ் போட்டு எடுத்தான். படத்தில் விழுந்தது காற்றிலிருந்த தூசி மட்டும், வெள்ளை வெள்ளைப் பொட்டாக.

எடுத்து முடித்துவிட்ட தட்டைப் படத்தை என்ன செய்வது? கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றலாம். 'கிளாரிட்டி' என்று ஒரு இழுவை இருக்கும், அதைத் தொட்டால் கை நிற்காது. பத்து, பதினைந்துக்கு மேல் போனால் சுதை துருப்பிடித்த தகரம் போல ஆகிவிடும். நிழல் விழாத இடத்தில் நிழலை வரவழைக்க முடியாது என்று ஒத்துக்கொண்டு, இன்னொரு நாள் போவதே மேல்.

"வெள்ளைத் தூண் சாம்பலாக விழுகிறது, சில படத்தில் நேர்மாறாக, வெந்துபோன மாதிரி இருக்கிறது"

இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகம். கேமராவின் ஒளிமானி, தான் பார்ப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். சட்டம் (படத்தின் நாலு விளிம்புக்குள் வருவது) முழுக்க வெளிர் தூணாக இருந்தால் "அய்யோ, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும், வெள்ளை சாம்பலாகும். ஆகவே தூண், வளைவு என்று வெளிர்ப் பரப்பே சட்டத்தை நிறைக்கும்போது எக்ஸ்போஷர் ஈடுகட்டலை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 அல்லது +1 வைத்துப் பாருங்கள். போனில் என்றால் தூணைத் தொட்டு, வருகிற சூரியக் குறியை மேலே இழுங்கள்.

வெந்துபோவது, இருட்டு மண்டபமும் வெயில் முற்றமும் ஒரே சட்டத்தில் வரும்போது. இருட்டைப் பார்த்துக் கேமரா அளவைக் கூட்டும், வெயில் பட்ட சுதை வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். அங்கே இருந்த கொடியும் பூவும் கோப்பிலேயே இருக்காது, பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இந்த மாதிரிச் சட்டத்தில் வெயில் பட்ட இடத்தைக் காப்பாற்றி எடுங்கள். ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் கேமரா காட்டும் வரைபடம், வலது சுவரில் முட்டக் கூடாது. இருண்ட பகுதியை ரா கோப்பிலிருந்து (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) பிறகு தூக்கிக்கொள்ளலாம், கொஞ்சம் புள்ளி வரும், பரவாயில்லை.

அதுவும் போதாது என்றால் –2, 0, +2 என்று மூன்று படம் எடுத்து இணைக்கலாம். இணைக்கும்போது ஒரு எச்சரிக்கை: நடைபாதையின் உள்பக்கமும் முற்றமும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதாகக் காட்டிவிடாதீர்கள். அந்தக் கட்டடத்தின் அழகே வெயிலிலிருந்து நிழலுக்குள் காலை வைக்கும்போது உடம்பில் விழும் குளிர்ச்சிதான். படத்தில் உள்பக்கம் இருட்டாகத்தான் இருக்க வேண்டும், எதுவும் தெரியாத இருட்டாக இருக்கக் கூடாது, அவ்வளவே.

"தூண்கள் எல்லாம் பின்னால் சாய்கின்றன"

கேமராவை மேலே தூக்கினீர்கள். தூக்காமல் முடியாது என்பீர்கள், தூண் அவ்வளவு உயரம். உண்மைதான். ஆனால் கேமராவின் முதுகு தரைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் இணைகோடுகள் மேலே போய்ச் சேரத்தான் செய்யும்.

முதல் வைத்தியம் கால். மேற்கு மண்டபத்தை எடுக்க முற்றத்தின் கிழக்குக் கோடி வரை பின்னால் போங்கள். அங்கிருந்து கேமராவைத் தூக்காமலே உச்சி வரை அடங்கும், கீழே தரை நிறைய வரும். அந்தத் தரையை வெட்டிவிடுங்கள். இதற்காகவே நான் இங்கே பெரும்பாலும் படத்தை நெட்டுவாக்கில் எடுத்து, கீழே மூன்றில் ஒரு பங்கை வீணாக்குகிறேன். இரண்டாம் வைத்தியம், திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு ஒரு தூணின் ஓரத்தை அதோடு ஒட்டிவைப்பது. மூன்றாவது மென்பொருளில் நிமிர்த்துவது. அதற்கு இடம் விட்டு எடுத்திருக்க வேண்டும், நிமிர்த்தும்போது இரண்டு பக்கமும் வெட்டுப்படும். முழுக்க நூல் பிடித்தாற்போல நிமிர்த்தினால் தூண் மேலே போகப் போகப் பருப்பது போலக் கண்ணுக்குப் படும். ஒரு துளி சாய்வை விட்டுவையுங்கள்.

சாயாமல், ஓரத்துத் தூண் மட்டும் பருத்துப் பீப்பாய் போல இருக்கிறதா? அது அகலக்கோண லென்ஸின் வேலை. தட்டையான சட்டத்தின் ஓரத்தில் விழும் உருண்டைப் பொருள் எதுவும் பக்கவாட்டில் இழுபடும். மஹாலில் உருண்டைத் தூணுக்குப் பஞ்சமில்லை என்பதால் இங்கே அது அப்பட்டமாகத் தெரியும். போனில் 0.5 என்பதை விட்டுவிட்டு 1-க்கு வாருங்கள், அல்லது தூண் ஓரத்தில் முழுசாக விழாமல் பாதியில் வெட்டுங்கள்.

அப்புறம் நேர்மாறான ஒரு யோசனை. சாய்வு தப்பு என்று யார் சொன்னது? தூணடியில் முதுகை ஒட்டி நின்று, கேமராவை ஏறக்குறைய வானத்துக்குத் திருப்பி எடுத்துப் பாருங்கள். அரைகுறையாகச் சாய்ந்தால்தான் பிழை, முழுசாகச் சாய்ந்தால் அது பார்வை.

"குவிமாடம் இருட்டாக, ஆடிப்போய், நடுவும் தப்பி வருகிறது"

அரியணை மண்டபத்தின் குவிமாடம் சுமார் 60 அடி விட்டம் உள்ளது, உச்சி தரையிலிருந்து 70 அடிக்கு மேல். கீழே எண்கோணம், அதில் பக்கத்துக்கு ஒரு சாளரம், அதற்கு மேலே எண்கோணம் வட்டமாகி மாடமாக மூடும். எண்கோணம் எங்கே வட்டமாகிறது என்று கண்ணால் தேடிக்கொண்டே நின்றால் கழுத்து வலிதான் மிச்சம்.

கையில் பிடித்து அண்ணாந்து எடுப்பதுதான் தப்பு. கழுத்தை வளைத்து நிற்கும்போது யாருக்கும் கை நிலைக்காது, நடுவும் கிடைக்காது. போனைத் தரையில் மல்லாக்க வைத்துவிடுங்கள். பின் கேமரா தரையைப் பார்க்குமே என்றால், முன்கேமராவைப் போடுங்கள், தரம் கொஞ்சம் குறையும். நல்ல தரம் வேண்டுமென்றால் கேமராவை மல்லாக்க வைத்து, லென்ஸ் மேலே பார்க்க, மூன்று அல்லது பத்து விநாடி டைமரை அழுத்திவிட்டு நகர்ந்து நில்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மூக்கும் விழும். தரையில் வைத்ததால் ஆட்டம் கிடையாது. ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன்) 100, 200 என்று குறைத்து, எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் அளவு) வைத்து, ஷட்டரைத் தேவையான அளவு திறந்துவைக்கலாம். சட்டத்தில் வட்டம் முழுக்க அடங்க, முழுச்சட்ட கேமராவில் 16, 17 மி.மீ. லென்ஸ் வேண்டும். 24இல் மாடத்தின் ஓரம் வெட்டுப்படும்.

நடுவைப் பிடிப்பதற்கு நேரமாகும். முதல் படத்தை எடுத்துப் பாருங்கள், உச்சி எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம் கேமராவை நகர்த்துங்கள். ஒரு அடியா அரை அடியா என்று இரண்டு மூன்று முறையில் பிடிபட்டுவிடும். கேமரா சமமாகப் படுத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். லென்ஸ் மூடியையோ மடித்த கைக்குட்டையையோ அடியில் சொருகிச் சரிசெய்வேன். கூட்ட நாளில் நடு மண்டபத்தில் கேமராவைத் தரையில் வைத்தால் யாராவது உதைத்துவிட்டுப் போவார்கள். கூட வந்தவரைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

சாளரங்கள் மட்டும் வெந்துபோய், மாடம் கரியாக இருந்தால் அது முந்தைய தலைப்பின் நோய்தான். வெயில் கொளுத்தும் நாளைவிட மேகமூட்ட நாளில் இந்தப் படம் சுலபமாக வரும்.

"ஒரே படத்தில் பாதி மஞ்சள், பாதி நீலம்"

மண்டபத்தில் விளக்கு எரிகிறது, முற்றத்திலிருந்து வானத்தின் வெளிச்சமும் வருகிறது. இரண்டின் நிறமும் வேறு. கண் அதைச் சமாளித்துவிடும், கேமரா ஒன்றைத்தான் வெள்ளை என்று ஏற்கும். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் படத்துக்குப் படம் சுதையின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், வரிசையாக வைத்துப் பார்க்கும்போது அசிங்கமாக இருக்கும். பகல் வெளிச்சம் என்று நிலையாக வைத்துவிடுங்கள். விளக்கடி மஞ்சளாக விழட்டும், விளக்கு என்றால் மஞ்சள்தானே.

வெள்ளைத் துண்டைக் காட்டி நிறத்தை அளக்கிறேன் என்று சிலர் செய்வார்கள். நம் வீட்டு வெள்ளைத் துணியில் நீலம் இருக்கும், சோப்புத்தூளில் வருகிற வெண்மைப் பொருளும் இருக்கும், வெயிலில் அது நீலமாக மின்னும். அதை நம்பி வைத்தால் சுதை மஞ்சளடித்துப்போகும். கேமராக் கடையில் சாம்பல் அட்டை கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். தூணையே வெள்ளை என்று வைத்தும் அளக்காதீர்கள். அது தூய வெள்ளை அல்ல, தந்தம் மாதிரி ஒரு நிறம், அதை அழித்துவிட்டால் ஆஸ்பத்திரிச் சுவர் ஆகிவிடும்.

"விளக்கடியில் எடுத்தால் பட்டை பட்டையாகக் கோடு"

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்இடி விளக்குகள் அதன் தாளத்தில் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் கோடு விழும். 1/50 அல்லது 1/100-க்கு வாருங்கள், போய்விடும்.

"ஒலி ஒளிக் காட்சியில் எடுத்த சிற்பம் ஒரே சிவப்புக் கட்டியாக இருக்கிறது"

காட்சி நடக்கும் மாலைகளில் கலர் விளக்கு போடுவார்கள். முழுச் சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புத் தடம் மட்டும் நிரம்பி வழியும், மற்ற இரண்டு தடமும் காலியாகக் கிடக்கும். சாதாரண ஹிஸ்டோகிராம் "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பார்த்து, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்போ ஒன்றரை ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள். விளக்கு ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த ஓரிரு விநாடியில் இரண்டு பக்கமிருந்து இரண்டு நிறம் விழும். யாளியின் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். எனக்கு அந்த வாணவேடிக்கை அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் அந்த ஒரு விநாடிக்காக உட்கார்ந்திருக்கலாம்.

"போனில் எடுத்தால் சிற்பம் பிளாஸ்டிக் பொம்மை போல இருக்கிறது"

போனுக்குள் இருக்கும் மென்பொருள் எல்லா நிழலையும் தூக்கி, எல்லா விளிம்பையும் கூராக்கி, புள்ளிகளை வழித்துத் துடைத்துக் கொடுக்கும். சுதையில் இருக்கும் கரண்டித் தடம், வெள்ளை உரிந்த செதில், மயிரிழை வெடிப்பு எல்லாம் அதன் கணக்கில் அழுக்கு. எச்டிஆரை அணைக்க வழி இருந்தால் அணையுங்கள். புரோ நிலையோ ரா வசதியோ இருந்தால் அதில் எடுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம். நாலு மடங்கு இழுத்து எடுத்த யாளி முகத்தில் பாதி போனே வரைந்தது. கிட்டப் போக முடியாத உயரம் என்றால் தொலைநோக்கு லென்ஸ் உள்ள கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு வாருங்கள். 200 மி.மீ. இருந்தால் வளைவின் உச்சியில் இருக்கும் உருவங்கள் வரை போகலாம். அதைக் கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் 1/200-க்குக் கீழே போகக் கூடாது. தூணில் சாய்ந்து நிற்பது நல்ல தாங்கல். சாயும் முன் தூணில் புறா எச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு சட்டையை நான் அப்படித்தான் இழந்தேன்.

"நடு நன்றாக இருக்கிறது, ஓரம் மங்கல்"

எஃப் 2.8இல் எடுத்திருப்பீர்கள். எஃப் 8. எல்லாம் கூராக வர வேண்டும் என்று எஃப் 22 வரை மூடினால் ஒளி வளைந்து மொத்தமும் மங்கும், அதையும் செய்யாதீர்கள்.

"லென்ஸில் பனி மூடிவிட்டது"

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேரே முற்றத்து வெக்கைக்குள் கேமராவை எடுத்தீர்கள். துடைத்தால் மறுபடி மூடும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வைத்திருங்கள். அதற்குள் விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வரலாம்.

"காவலர் விசிலடிக்கிறார்"

இதுவும் கோளாறுதான். கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு, வாசலிலேயே வாங்கிச் சட்டைப்பையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைபாடை அனுமதி இல்லாமல் விரிக்க முடியாது. கல்யாணப் படம் எடுக்கும் கூட்டம் என்று நினைத்துவிடுவார்கள், அதற்குக் கட்டணமும் வேறு, அனுமதியும் வேறு. நான் ட்ரைபாடே கொண்டுபோவதில்லை. தரை, படி, தூணின் பீடம், மடித்த பை, இதெல்லாம் போதும். பீடத்தில் ஏறி மட்டும் நிற்காதீர்கள். மேலே ஏறி உட்கார்ந்தவர்களும் பெயர் கிறுக்கியவர்களும் சுதைக்குச் செய்த சேதம் எத்தனை நாயக்கர் வந்தாலும் தீராது.

அந்தக் கிறுக்கல்கள் படத்தில் விழுவதுதான் உங்கள் கோளாறு என்றால், அவை பெரும்பாலும் ஆள் கை எட்டும் உயரம் வரைதான். சட்டத்தின் கீழ்விளிம்பை அதற்கு மேலே வையுங்கள். ஒன்றிரண்டை வேண்டுமென்றே எடுத்தும் வையுங்கள், இந்த அரண்மனையின் கதையில் அதுவும் ஒரு பக்கம்.

"கூட்டம் இல்லாமல் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை"

ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிச் சுற்றுலா சீசனிலும் போனால் கிடைக்காது. வார நாளில், திறந்த முதல் அரை மணி நேரம் நல்லது. கேமராவை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, சில விநாடி இடைவெளியில் பத்துப் பதினைந்து படம் எடுத்து, மென்பொருளில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நடுமதிப்பை எடுக்கச் சொன்னால் நடந்துபோகிறவர்கள் மறைந்துவிடுவார்கள். தூணடியில் உட்கார்ந்து கதை பேசுகிறவர்கள் மறையமாட்டார்கள்.

"எல்லாம் சரி, ஆனால் படத்தில் அந்தப் பிரம்மாண்டம் இல்லை"

ஆளே இல்லாத படம் வேண்டும் என்று காத்திருந்து எடுத்தீர்களே, அதனால்தான். தூண் எவ்வளவு பெரிது என்று தூணுக்கே தெரியாது. மூன்று பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கப் பார்த்தும் கைகள் சேராத தூண் அது. பக்கத்தில் ஒரு ஆள் நின்றால்தான் பார்ப்பவருக்கு உறைக்கும். ஆள் தூணை ஒட்டி நிற்க வேண்டும், உங்களுக்கு அருகில் அல்ல. அருகில் நின்றால் ஆள் பெரிதாகித் தூண் சின்னதாகிவிடும். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற ஆளாக இல்லாமல், தன் வேலையைப் பார்க்கிற ஆளாக இருந்தால் நல்லது.

என்னிடம் இருப்பதில் நான் பெரிதாக்கி மாட்டியிருக்கும் படம் ஒன்றுதான். மாலை நாலே முக்கால், வடக்குப் பக்க நடைபாதை, முற்றம் என் இடது தோளில். தூண்கள் வரிசையாக ஒரு பக்கம் மஞ்சள் வெயிலோடு உள்ளே போகின்றன. ஐந்தாவது தூணடியில் பெருக்குகிற அம்மா குனிந்திருக்கிறார், விளக்குமாறு கிளப்பிய தூசி வெயிலில் நிற்கிறது. அவர் உயரம் தூண் பீடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/125. அடுத்த படத்துக்குள் அவர் நிமிர்ந்து, "நேரமாச்சு தம்பி, கெளம்புங்க" என்றார்.